அம்மாளுக்கு ஆகாத ரோசா

அளவெட்டியில் யோகாம்பிகையின் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசல் படலையடியிலேயே காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாளியும் செம்பும் எப்போதும் அங்கே இருக்கும். தெரியாமல் உள்ளே கால் வைத்தவர்கள், அந்த மனுசி தங்கள் பாதத்தைப் பார்க்கிற பார்வையைக் கண்டு, கதைக்க வந்த விசயத்தையும் மறந்து, திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வருவார்கள். கழுவிய பிறகும் அவளுக்குத் திருப்தி வராது.

அறுபது வயதுக்குள் அவள் அருவருக்காத பொருள் ஊரில் குறைவு. பஸ்ஸில் பிடிக்கிற கம்பி அரியண்டம். விரலை நாக்கில் தொட்டுப் பேப்பர் புரட்டுகிறவன் அரியண்டம். அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் செம்பில் வாயை வைக்கிறவர்களோடு அவளுக்குச் சகவாசமே கிடையாது. சொந்தச் சித்தப்பா ஒருமுறை மோட்டார் சைக்கிள் திறப்பால் காது குடைந்தார் என்பதற்காக, அவர் இருந்த கதிரையை ஒரு பகல் முழுக்க வெயிலில் காயப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே மச்சம். மீனோ, இறைச்சியோ, கருவாடோ, அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவளுடைய மேலுதடு மூக்கை நோக்கிச் சுருளும்.

புருசன் கேதீஸ்வரன் மச்சம் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவர். கலியாணம் பேசி வந்தபோது பெண் வீட்டார் வேறெதையும் அழுத்திக் கேட்கவில்லை. மாப்பிள்ளை மச்சத்தை விட வேண்டும் என்றார்கள். விட்டார். சூடைமீன் பொரியலை நினைத்து எத்தனை நாள் எச்சில் விழுங்கினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்துகிற மனிதர் பெரிய பொறுமைசாலி என்று ஊர் சொல்லும். பொறுமைசாலிகளை நம்பவே கூடாது என்று யோகாம்பிகை இப்போது சொல்லுகிறாள்.

கலியாணம் முடித்த கையோடு கேதீஸ்வரனுக்குப் பண்டாரவளையில் அரசாங்கக் கந்தோர் வேலை கிடைத்தது. இருபது வருசத்துக்கு மேலாக அங்கே குவாட்டர்ஸ் வாழ்க்கை. காயாத உடுப்பின் பூஞ்சண நாற்றமும், சுவரில் ஊர்கிற அட்டையும், வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிப்பதும் அவளுக்கு வயிற்றைப் புரட்டின. அந்த ஊரில் அவள் மன்னித்த ஒரே பொருள் வாசல் மதிலோடு நின்ற ஒரு ரோசாச் செடி. முன்பு குடியிருந்த யாரோ வைத்தது. மெல்லிய சிவப்பில், முட்டைக்கோவா மாதிரி இதழ் மேல் இதழாக அடுக்கிய பூ. விடியக் காலையில் யன்னலைத் திறந்தால் மணம் தானாக உள்ளே வரும். மலைக்குளிரில் கலையாமல் மத்தியானம் வரை வீட்டுக்குள் தங்கி நிற்கும். எதைப் பார்த்தாலும் மூக்கைப் பொத்துகிறவள் அந்த யன்னலடியில் மட்டும் மூச்சை ஆழ இழுத்து விடுவாள்.

கேதீஸ்வரன் பென்சன் எடுத்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். அந்தச் செடியில் வெட்டிய தடிகளை ஈரச் சாக்கில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் யோகாம்பிகை. வரும் வழியில் ஒரு நேர்த்தியும் வைத்தாள். செடி பிழைத்துப் பூத்தால், பூக்கிற பூவெல்லாம் ஊர் அம்மாள் கோயிலுக்கு.

யாழ்ப்பாணம் பண்டாரவளை இல்லை என்பது அவளுக்கு முன்னே செடிக்கு விளங்கிவிட்டது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளாகியது. வரட்டுச் சோளகக் காற்று தொடங்கினால் குருத்துக் காய்ந்து கறுத்தது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பொடிப் பொடியாகச் சிவப்புப் பேன்கள் ஓடின. போய்த் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் வருசம் ஒரே ஒரு மொட்டு வந்தது. அது பாதி விரிந்ததோடு நின்று, நடுவில் அழுகி, உள்ளே ஒரு வெள்ளைப் புழுவை வைத்திருந்தது. அதைப் பார்த்த நாளில் அவள் சோறு சாப்பிடவில்லை.

விட்டுவிடுகிறவளா அவள்? தடிகளை நாட்டு ரோசாவின் அடிமரத்தில் ஒட்டினாள். வீட்டின் கிழக்குச் சுவரோடு நட்டு, காலை வெயில் மட்டும் படவைத்தாள். மத்தியான வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டுவித்தாள். கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, மாரி மழையைத் தொட்டியில் பிடித்து அதையே ஊற்றினாள். மாரி ஓய்கிற நேரம் பார்த்துக் கொப்பு வெட்டினால் தை, மாசிப் பனிக்குள் பூ வரும் என்பதையும் கண்டுபிடித்தாள். இலை பச்சையாகியது. பூவும் வந்தது, மனமில்லாமல் வந்த விருந்தாளி மாதிரி ஒன்றிரண்டு. மணம் மட்டும் வரவே இல்லை. யன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தவளுக்குப் பக்கத்து வளவு மாட்டுக் கொட்டிலின் வாசம்தான் வந்தது.

நோர்வேயில் இருக்கிற மகள் தர்சிகா வட்சப்பில் தன்னுடைய ரோசாவைக் காட்டும்போதெல்லாம் யோகாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே அரை வருசம் பனிக்கட்டிக்கு அடியில், சாக்குக்குள் சுற்றிக் கிடக்கிற செடி, ஆனி மாசத்தில் சூரியன் அடையாமல் நிற்கத் தொடங்கியதும் எழும்பி, வேலியே தெரியாமல் பூக்கிறது. “அம்மா, வீட்டுக்குள்ளை இருக்கேலாத மணம்” என்பாள் மகள். சூரியனையே ஒழுங்காகக் காணாத ஊரில் பூக்கிறது, அம்மாளின் ஊரில் பூக்க இதற்கு என்ன கேடு? ஃபோனை வைத்துவிட்டு யோகாம்பிகை செடியடியில் குந்திக்கொண்டு அழுவாள். விடியற்காலையில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

அந்த நாட்களில்தான் கேதீஸ்வரன் ஒரு கரைசல் செய்யத் தொடங்கினார். பின்வளவுக் கொட்டிலில் நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்றை வைத்துக்கொண்டு, “அழுகின பழமும் சர்க்கரையும்தான், யோகம். ஊறினால் செடிக்கு நல்ல பசளையாம்” என்றார். ஒரு மாசம் கழித்து மூடியைத் திறந்தபோது தேன் நிறத்தில், கனிந்த பழ வாசத்தோடு இருந்தது. யோகாம்பிகையே குனிந்து பார்த்துவிட்டுப் பஞ்சாமிர்தம் மாதிரி மணக்கிறது என்றாள். வடிக்கத் தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். கோயில் அர்ச்சனைத் தட்டில் மிஞ்சிய வாழைப்பழங்களைக்கூட, வீணாகக் கூடாது என்று, தன் கையாலேயே பரலுக்கென்று எடுத்துக் கொடுத்தாள்; மூடியைத் திறக்கிற வேலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

செடி வெறி பிடித்தது மாதிரி வளர்ந்தது. அடுத்த மாசியில் யன்னலைத் திறந்தபோது பண்டாரவளை மணம் உள்ளே வந்தது. யோகாம்பிகை கும்பிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருசம், பூக்கிற காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல், அம்மாளின் தலையில் அவளுடைய ரோசாதான். ஐயரே கேட்டு வாங்கினார். அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. நுவரெலியாவிலிருந்து பெட்டியில் வருகிற பூ பிளாஸ்டிக் பூ, அதை அம்மாளுக்குச் சாத்துகிறவர்களுக்கு மூக்கே இல்லையா என்று கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். இந்த வருசம் மாசித் திருவிழாவில் தங்கள் குடும்பத்தின் உபயம் வந்தபோது, வெளியிலிருந்து ஒரு பூவும் வேண்டாம், சாத்துப்படி முழுக்க என் வளவுப் பூ என்று ஏற்றுக்கொண்டாள்.

அந்தத் திருவிழாவுக்கு முதல் நாள் பகல், கேதீஸ்வரன் கோயிலில் பந்தல் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி. மாதகலிலிருந்து மீன் கொண்டுவருகிற சிமியோன். மணம் அவனுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. யோகாம்பிகை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்திலேயே நின்றாள்.

“தள்ளி நில். இஞ்சை மச்சம் எடுக்கிறேல்லை எண்டு ஊருக்கே தெரியும்.”

“தெரியுமம்மா. அதுதான் பாம் பாம் எண்டு கோணும் அடிக்காமல் வந்தனான். ஐயா நிக்கிறாரோ?”

“அவரை ஏன் கேக்கிறாய்?”

“அவர் கேட்ட சாமான் கிடக்கு. வழக்கமாச் சந்தியிலை வைச்சுத்தான் குடுக்கிறனான். இண்டைக்கு ஆளைக் காணேல்லை. பழுதாப் போயிடும், அதுதான்...”

சொப்பிங் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அதன் மூலையிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ சொட்டி, கால் கழுவுகிற வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

“என்னது?”

“தலையும் குடலும்தானம்மா. ஐயா நல்ல மீன் கேக்கிறேல்லை.”

யோகாம்பிகைக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருசம் கழித்து மனிதர் களவாகத் தின்னத் தொடங்கிவிட்டார். அதுவும் குடல். தின்னப் போனவர் ஒரு துண்டு நல்ல மீனையாவது தின்னக் கூடாதா?

“இதை அவர் என்ன செய்யிறவர்?” என்றாள்.

“பூக்கண்டுக்குத்தானேயம்மா! சர்க்கரை போட்டு ஊற வைக்கிறவர். எங்கடை கோயிலிலை மாதாவுக்கு வைக்கிற றோசாவுக்கும் உதுதான் ஊத்துறம். பூ எண்டால் பூ, இந்தா இவ்வளவு” என்று சிமியோன் சந்தோசமாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பை ஆடியது. இன்னும் இரண்டு சொட்டு விழுந்தது.

அவனை எப்படித் துரத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கொட்டிலுக்குப் போய்ப் பரலின் மூடியைத் தூக்கினாள். மேலே, ஒரு கிழமைக்கு முன் போட்டதாக இருக்க வேண்டும், சர்க்கரைப் பாகுக்குள் தலைகள் கிடந்தன. வாய் பிளந்த தலைகள். அதில் ஒரு கண் அவளைப் பார்த்தது. பக்கத்தில் நேற்று அவள் கொடுத்துவிட்ட கோயில் வாழைப்பழம் மிதந்தது. கொட்டில் வாசலிலேயே ஓங்காளித்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் விடவில்லை. பஞ்சாமிர்தம் என்று சொன்னாளே, அந்த நாக்கைச் சுரண்டி எறிய வேண்டும் போல இருந்தது. வடித்த சேலைத் துண்டை மற்ற உடுப்புகளோடு ஊறப் போட்டாளே. அந்த உடுப்போடு மூலஸ்தானத்துக்கு எதிரில் நின்றாளே. எல்லாவற்றையும் விட, அம்மாளின் தலையில் மூன்று வருசம்! கிணற்றடியில் இருந்து தோல் எரிய எரியக் கையை உரஞ்சினாள்.

மத்தியானம் கேதீஸ்வரன் வந்து படலையைத் திறந்தார்.

“நில்லுங்கோ. உள்ளை வராதேங்கோ.”

“கழுவிப்போட்டுத்தான் வாறன் யோகம்.”

“உங்களை முழுசா அவிச்சு எடுத்தாலும் உந்த ஊத்தை போகாது. சிமியோன் வந்தவன்.”

கேதீஸ்வரன் செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“அம்மாளின்ரை தலையிலை மீன்குடல் வைச்சிட்டியள்.”

“குடல் வைக்கேல்லை. பூத்தான் வைச்சது.”

“வாயை மூடுங்கோ!”

“இஞ்சை பாரும், அது ஊறி முடியேக்கை மீனுமில்லை ஒண்டுமில்லை. மண்ணுக்குள்ளை போனால் எல்லாம் மண்தானே. மாட்டுச் சாணி போடேக்கை நீர் ஒண்டும் சொல்லேல்லையே?”

“சாணி சுத்தம்!”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“பிள்ளைதான் சொன்னவள். அங்கை போத்தில்லை அடைச்சே விக்கிறாங்களாம். நீர் ஒவ்வொரு விடியவும் அந்தச் செடியடியிலை இருந்து அழுதனீர். எனக்குப் பாக்கேலாமல் போச்சு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் விட்டிருப்பீரோ?”

அவர் தனக்காகத்தான் செய்தார் என்பது யோகாம்பிகைக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதில் இன்னும் குமட்டியது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வாய் நிறைய ஏசிவிட்டு ஆறியிருக்கலாம். இவர் முகத்தைப் பார்த்தால் ஏச்சும் வரமாட்டேன் என்கிறது, சோறும் இறங்கமாட்டேன் என்கிறது. கடைசியில், “விடிஞ்சதும் எல்லாத்தையும் தோண்டி எறியுங்கோ. ஒரு வேர் மிஞ்சக் கூடாது” என்றாள்.

செடியைத் தோண்டலாம். நாளைக்குக் கோயிலுக்கு என்ன சொல்வது? துடக்கு என்று சொல்ல யாராவது செத்திருக்க வேண்டும். யார் என்று கேட்பார்கள். மருந்து அடித்துவிட்டோம் என்றால், கழுவிச் சாத்தலாம் என்பார்கள். உண்மையைச் சொன்னால் பொழுதுபட முன்னம் ஊர் முழுக்க நாறும். அம்மாளுக்கு மீன்குடல் சாத்தின மனுசன் என்று கேதீஸ்வரனைச் சாகும்வரை சொல்லுவார்கள், செத்த வீட்டிலும் சொல்லுவார்கள். சொல்லாமல் விட்டால் இன்னொரு தரம் அந்தப் பூ அம்மாளின் தலைக்கு ஏறும். அதைத் தெரிந்துகொண்டே செய்ய அவளால் முடியாது.

யாரும் வருவதற்கு முன் எல்லாப் பூவையும் நறுக்கிக் குப்பைக் கிடங்கில் போட்டுவிடுவது என்று, விடியும் முன்பே முழுகிவிட்டுக் கத்திரிக்கோலோடு போனாள். பூக்கள் நின்ற நிலையைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒரு இலை தெரியவில்லை. பனியில் நனைந்து, கொப்பு தாங்காமல் வளைந்து, இதைவிட நன்றாக அவை ஒருநாளும் பூத்ததில்லை. கத்திரியை வைக்க மனம் வராமல் அவள் நிற்கிற நேரத்தில், படலையில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. கோயிலில் மாலை கட்டுகிற நல்லம்மா புதுப் பனையோலைக் கடகத்தோடு வந்துவிட்டாள்.

“யோகம்! அம்மாள் இண்டைக்குப் பூவுக்குள்ளை ஒளிச்சிருந்துதான் முகம் காட்டப்போறா போல கிடக்கு” என்றபடி நல்லம்மா முதல் கொப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

“பொறுங்கோ அக்கா” என்றாள் யோகாம்பிகை. நல்லம்மாவின் கை நிற்கவில்லை. யோகாம்பிகை குறுக்கே புகுந்து, அந்தப் பூவை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கை அதற்குள் அழுத்தி மணந்தாள்.

சாமிக்கு வைக்கிற பூவை மணக்கக் கூடாது. மூக்குப் பட்ட பூ எச்சில் பட்ட சோறு. அளவெட்டியில் நடை பழகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். நேர்ந்த செடி என்பதால் யோகாம்பிகை அதன் ஒரு பூவைக்கூட முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனதில்லை. காற்று தானாகக் கொண்டுவந்து தந்ததை மட்டும்தான் இத்தனை காலம் எடுத்துக்கொண்டாள்.

“ஐயோ, என்ன செய்யிறாய்? அம்மாளுக்கெண்ட பூவெல்லே!”

யோகாம்பிகை அடுத்த பூவுக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். மீன் நாறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் முகத்தைப் புதைத்தாள். நாறினால் நல்லது என்றுகூட நினைத்தாள். நாறினால் இதை வெறுத்துவிடலாம். தேடித் தேடி மணந்தாள். ஏலக்காயும், எலுமிச்சந் தோலும், கனிந்த பழமும் ஒன்றாகக் கலந்த மாதிரி ஒரு மணம் தொண்டை வரைக்கும் இறங்கியது. யன்னலால் வந்ததெல்லாம் இதில் கால் பங்குகூட இல்லை. மீன் எங்கேயும் இல்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதோடு, வெட்கம் கெட்ட மாதிரி, சந்தோசமாகவும் இருந்தது.

“விசரோடி உனக்கு? ஒரு பூ மிச்சம் வைக்காமல்... சீ! அரியண்டம்!” என்று நல்லம்மா காறித் துப்பினாள்.

அந்தச் சொல்லை ஊரில் எல்லார் மேலும் எறிந்தவள் யோகாம்பிகை. அவள் மேல் அது விழுந்தது இதுதான் முதல் தடவை. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மகரந்தம் ஒட்டியிருக்க, எட்டாத கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்லம்மா வெறுங் கடகத்தோடு, யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஆளை அனுப்பி நுவரெலியாப் பூ எடுக்க வேண்டும், இந்த வீட்டுப் பூ இனிக் கோயில் வாசல் மிதிக்காது என்று றோட்டு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

கேதீஸ்வரன் எல்லாவற்றையும் வீட்டு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் மண்வெட்டி. நேற்றுச் சொன்னபடி விடியவே எழும்பி எடுத்து வைத்திருந்தார். படலை சாத்திய பிறகு மெதுவாகக் கிட்ட வந்தார்.

“என்னைக் காட்டிக் குடுக்கேல்லை” என்றார்.

“கிட்ட வராதேங்கோ.”

“சரி.” அவர் தள்ளி நின்று மண்வெட்டியை இறக்கினார். “எந்தப் பக்கத்தாலை தொடங்கட்டும்?”

யோகாம்பிகை அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பார்வை அந்தக் கைகளில் வந்து நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் விட்டாள்.

“மண்வெட்டியைக் கொண்டுபோய் வையுங்கோ. கையைச் சவுக்காரம் போட்டு மூண்டுதரம் கழுவிப்போட்டு வந்து வலையை இழுத்து விடுங்கோ. வெயில் ஏறுது” என்றாள். “உந்தப் பரலை மட்டும் என்ரை கண்ணிலை காட்டாமல் செடிக்கு ஊத்துங்கோ.”